சோழவரத்துப் பந்தயமும் ஒரு சிறு துளையும்



மோட்டார்ப் பந்தயம் என்றதும் வேகமும் முழக்கமும் வெற்றிக் கோப்பையும் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று நான் பேசப் புகுவது அவற்றைப் பற்றியன்று. பித்தளைத் திருகு ஒன்றின் நடுவே இட்ட, ஒரு மில்லிமீட்டரைச் சற்றே விஞ்சிய ஒரு துளையைப் பற்றியது என் பேச்சு. அத்துளையுடைய திருகுக்கு ஜெட் என்று பெயர். அது அமர்ந்திருக்கும் கருவி கார்புரேட்டர். எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோலையும் காற்றையும் அளவறிந்து கலந்து கொடுப்பது அதன் தொழில். நம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பந்தயங்களின் வெற்றி தோல்வியில் பெரும் பங்கு அந்தத் துளைக்கு உண்டு என்று கூறினால் நீங்கள் நகைக்கக் கூடும். நானும் ஒரு காலத்தில் நகைத்தவனே.

என் ஊர் மங்களூர். கன்னட நாட்டுத் துறைமுகத்தை எண்ணிவிடாதீர்கள். கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திற்கு மேற்கே, திட்டக்குடி வட்டாரத்தில் சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிச் சீமையில் உள்ள மங்களூர் அது. எங்கள் ஊரில் பந்தயச் சாலை கிடையாது. பீங்கான் பொம்மைக்கும் பியூஸ் கேரியருக்கும் பெயர் பெற்ற விருத்தாசலம் அருகில் உண்டு. அதன் சூளைகளும் உண்டு. சூளைக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள உறவைப் பின்னர்ச் சொல்வேன். பௌதிக ஆசிரியனாகவும் பின்பு தலைமையாசிரியனாகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெர்னூலியின் தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதி அழித்தவன் நான். அத்தேற்றம் வாழும் இடம் கார்புரேட்டர் என்பதை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவன். அவனுக்கு நான் பட்ட கடனும் இப்பேச்சில் ஓரளவு தீரும் என்று நம்புகிறேன்.

முதலில் கருவியின் பிறப்பைக் காண்போம். ஓடும் பாய்பொருளின் வேகம் கூடுமிடத்தில் அதன் அழுத்தம் குறையும் என்னும் உண்மையை டேனியல் பெர்னூலி 1738ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். இத்தாலியரான வெஞ்சுரி, இடுங்கிய கழுத்துடைய குழாய்களில் நீர் பாயும் விதத்தை ஆராய்ந்து 1797இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இருவருக்கும் மோட்டார் வண்டி என்பது கனவிலும் தோன்றாத பொருள். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், கலத்தில் கிடந்த எரிபொருளின் மேலாகக் காற்றைச் செலுத்தி, எழும் ஆவியை எஞ்சின் உறிஞ்சும்படி செய்திருந்தார். அடுப்பில் ஏற்றிய பாலின் ஆவியைப் பிடிப்பது போன்ற வேலை அது. வெயிலில் ஓர் அளவு, குளிரில் ஓர் அளவு. அளவுக்கு அங்கே கட்டுப்பாடு இல்லை.

1893ஆம் ஆண்டில் இருவேறு நாடுகளில் ஒரே எண்ணம் பழுத்தது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் தொனாத் பாங்கியும் யானோஷ் சோங்காவும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாஹும், எரிபொருளை ஆவியாக்கிக் காத்திராமல், நுண்ணிய துளை வழியே காற்றோட்டத்தில் தெளிக்கும் கருவியை அமைத்தனர். பூக்காரப் பெண் ஒருத்தி குழாயை ஊதி மலர்களின்மேல் நீர் தெளித்ததைக் கண்டே பாங்கிக்கு அவ்வெண்ணம் பிறந்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, நம் மதுரை மல்லிகைக் கடைகளின் முன் நிற்பவர் எவரும் அதை நம்ப மறுக்கமாட்டார்.

அக்கருவியின் உறுப்புகள் இன்றளவும் மாறவில்லை. ஒரு கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். அதில் மிதக்கும் மிதவை, மட்டம் உயர்ந்தால் வரும் வழியை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும். நம் வீட்டு மாடித் தொட்டியில் உள்ள பந்துக் குழாயைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டா. கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட்டின் துளையைக் கடந்து, காற்றுக் குழாயின் இடுங்கிய கழுத்துக்குள் நீட்டியிருக்கும் மூக்குக்கு வரும். பிஸ்டன் காற்றை இழுக்க, கழுத்தில் காற்று விரைய, அழுத்தம் அங்கே குறைய, வெளிக்காற்றின் அழுத்தம் கிண்ணத்துப் பெட்ரோலைக் கழுத்துக்குள் உந்தும். இவ்வளவே.

பிற்காலத்தில் இரண்டு குலங்கள் பிரிந்தன. பிரான்சின் சோலெக்ஸ், இத்தாலியில் எடுவார்தோ வெபர் தொடங்கிய வெபர் ஆகியவை கழுத்தின் அளவை நிலையாக வைத்தன. இங்கிலாந்தில் ஸ்கின்னர் சகோதரர் 1905ஆம் ஆண்டளவில் அமைத்த எஸ்.யூ. கார்புரேட்டரோ காற்றின் தேவைக்கேற்பத் தானே விரிந்து சுருங்கும் கழுத்தை உடையது. அவர்களுடைய குடும்பத் தொழில் காலணி வாணிகம். ஆகவே முதல் எஸ்.யூ.வில் விரிந்து சுருங்கிய உறுப்பு, கொல்லன் துருத்தி போன்ற தோற்பையாகவே இருந்தது! கைக்கு எட்டிய பொருளைக் கொண்டு கருவி செய்யும் மரபு எங்கும் ஒன்றே.

இனிப் பந்தயச் சாலைக்கு வருவோம். அமெரிக்காவில் சிறு பந்தய வண்டிகளுக்கென்றே நீள்வட்டத் தடங்கள் பெருகின. 1933ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகர விளையாட்டரங்கில் ‘மிட்ஜெட்’ எனப்பெறும் குள்ள வண்டிகளின் முறையான பந்தயம் தொடங்கியது என்பர். அத்தடங்களில் வண்டிகள் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்கும். செக்கு மாட்டின் பாதை போன்றது அது. வேகம் மட்டுமே வேறு. நம் நாட்டில் அத்தகைய நீள்வட்டத் தட மரபு வேரூன்றவில்லை. நமக்கு வாய்த்தது, சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம், இரண்டாம் உலகப் போரின்போது அமைத்துப் பின்னர்க் கைவிடப்பட்ட சோழவரத்து விமான ஓடுதளம். ஆங்கில எழுத்தாகிய ‘டி’ போன்ற வடிவம், நீண்ட நேர்வழி, அதன் முடிவில் வண்டியை ஏறத்தாழ நிறுத்தித் திருப்ப வேண்டிய கடுந்திருப்பம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் இந்து சந்தோக். பின்னாளில் 2010இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய கருண் சந்தோக் அவருடைய பேரரே.

வரலாறு பயிலும் மாணவர்கள் 1953 என்னும் ஆண்டைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அவ்வாண்டில்தான், இந்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யும் திட்டம் உடைய நிறுவனங்களே மோட்டார் வண்டி கட்டலாம் என்ற கொள்கையை மத்திய அரசு மேற்கொண்டது. உறுப்புகளைக் கொணர்ந்து பூட்டி விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் இங்கே கடையைக் கட்டின. எஞ்சியவை கல்கத்தா அருகே ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. ஆக, பந்தய ஆர்வம் பிறந்த காலமும் வண்டிப் பஞ்சம் பிறந்த காலமும் ஒன்றாயின. செல்வர் சிலரிடம் பழைய ஜாகுவாரும் எம்.ஜி.யும் இருந்தன. ஏனையோருக்கு 1089 கன சென்டிமீட்டர் ஃபியட், 948 கன சென்டிமீட்டர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1489 கன சென்டிமீட்டர் அம்பாசடர் ஆகியவையே கதி. புதிய எஞ்சின் வாங்க வழியில்லை. இறக்குமதி உரிமம் கிட்டாது. அந்நிலையில் ஒருவன் தன் எஞ்சினிடமிருந்து மற்றவனைவிடச் சிறிது மிகுதியாக வலிமை பெற வேண்டுமானால், தலையைச் சீவலாம். காம் தண்டை மாற்றலாம். அவை செலவு மிக்க வேலைகள். மலிவானதும் கைத்திறன் ஒன்றையே நம்பியதும் கார்புரேட்டரைத் தேர்ந்து பொருத்திச் சீர்செய்வதே. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான் குவியல்களிடையே ஒரு நல்ல இரட்டைக் கழுத்துக் கார்புரேட்டர் கிடைத்தால், அன்று அது புதையல்.

நான் சோழவரத்தை ஒரே ஒரு முறை கண்டேன். 1980களின் தொடக்கம், சென்னையில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். விடுதித் தோழர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துச் சென்றார். பிப்ரவரி மாதத்து வெயில், புழுதி, மூங்கில் வேலிக்கு அப்பால் மக்கள் வெள்ளம். வண்டிகள் ஓடியதைவிட, ஒரு வண்டி நின்றதே என் நினைவில் தங்கியது. முழு வேகத்தில் வந்த ஒரு ஃபியட் திடீரென எஞ்சினை அணைத்துக்கொண்டு ஓசையின்றி உருண்டு வந்து நின்றது. பழுது என்று எண்ணினேன். அழுக்குச் சட்டை அணிந்த மெக்கானிக் ஒருவர் ஓடிவந்து, சுடச்சுட ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் நுனியில் உள்ள வெள்ளைப் பீங்கானை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைத்தியர் நோயாளியின் நாவைப் பார்ப்பது போலிருந்தது. பின்பு கார்புரேட்டரைத் திறந்து எதையோ மாற்றினார்; வண்டி மீண்டும் புறப்பட்டது. அவர் என்ன பார்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. பௌதிகத்தில் பட்டம் பெற்றவன் அழுக்குச் சட்டைக்காரரிடம் கேட்பதாவது என்ற செருக்கும் இருந்திருக்கலாம்.

அச்செருக்கு என்னோடு வகுப்பறைக்குள்ளும் வந்தது. நான் வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள், பதினோராம் வகுப்பில் ஒரு மாணவனை எழுப்பிப் பெர்னூலியின் தேற்றத்தைக் கூறச் சொன்னேன். “காற்று ஓடினால் இழுக்கும், ஐயா” என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். புத்தகத்தில் உள்ளபடி சொல்லும் வரை நிற்குமாறு பணித்தேன். அந்தப் பாடவேளை முழுதும் நின்றான். ஆண்டு இறுதியில் தேர்வு பெறவில்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவில்லை. சென்னையில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கிருந்து கோயமுத்தூருக்குப் போய், சிறு பந்தய வண்டிகளைச் சீர்செய்யும் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தான். இவையெல்லாம் பின்னர் நான் அறிந்தவை.

கோயமுத்தூருக்கு அவன் போன காலம் நல்ல காலம். மாருதி 800 வண்டி 1983 டிசம்பரில் வெளிவந்தது. 796 கன சென்டிமீட்டர், மூன்று சிலிண்டர். ஆலைத் தொழிலதிபர் குடும்பத்தவரும் சோழவரத்தில் ஓட்டிப் புகழ் பெற்றவருமான கரிவரதன், அந்தச் சிறிய எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைக் கோவையிலேயே வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று வழங்கிய அவ்வண்டி, எளிய செலவில் இளைஞர் பலரைப் பந்தயத்துக்குக் கொணர்ந்தது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயன் தொடக்கப் பாடம் கற்றதும் அவ்வகை வண்டியிலேயே. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் திறக்கப்பெறவே, சோழவரம் ஓய்ந்தது. கரிவரதன் 1995இல் விமான விபத்தொன்றில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

என் மாணவன் 2000க்குப் பிறகு ஊர் திரும்பி, இருசக்கர வண்டிப் பட்டறை ஒன்று வைத்தான். என் பழைய மொபெட் ஒருநாள் நின்றுவிட, தள்ளிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றேன். அவன் எழுந்து நின்றான், எனக்குத்தான் கூசியது. அன்று தொடங்கிய எங்கள் பேச்சு பல மாலைகள் நீண்டது. ஒரு சிறு பந்தய வண்டிக்குக் கார்புரேட்டரை எவ்வாறு தேர்வது என்று கேட்டேன். “முதலில் கழுத்தை முடிவு செய்ய வேண்டும், ஐயா, ஜெட் பிறகு” என்றான்.

கழுத்தின் அளவை நான் வீட்டில் கணக்கிட்டுப் பார்த்தேன். நீங்களும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 6000 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினாதலின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே முழுக் கொள்ளளவை இழுக்கும். எனவே நொடிக்கு ஏறத்தாழ 40 லிட்டர். சிலிண்டர்கள் முழுதும் நிரம்பா, நூற்றுக்கு 85 பங்கு என வைத்தால் 34 லிட்டர். இக்காற்று 26 மில்லிமீட்டர் கழுத்தைக் கடக்க நொடிக்கு 64 மீட்டர் வேகத்தில் விரைய வேண்டும். 32 மில்லிமீட்டர் கழுத்தானால் 42 மீட்டர் போதும். பெரிய கழுத்தில் தடை குறைவு. எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். உச்ச வலிமை கூடும். அப்படியானால் பெரியதே நல்லது என்று எழுதிக்கொண்டு போய் அவனிடம் காட்டினேன்.

அவன் தாளைப் பார்த்துவிட்டு, “திருப்பத்தை மறந்துவிட்டீர்களே, ஐயா” என்றான்.

மீண்டும் கணக்குப் போட்டேன். திருப்பத்தில் எஞ்சின் 3000 சுற்றுக்குத் தாழ்ந்துவிடும். அப்போது த்ராட்டிலை முழுதும் திறந்தால், 32 மில்லிமீட்டர் கழுத்தில் காற்றின் வேகம் 21 மீட்டரே. உறிஞ்சும் வலிமை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், உச்சத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் நீர் உயரத்திற்கு நிகரான இழுப்பு, திருப்பத்தில் இரண்டரைச் சென்டிமீட்டராகக் குன்றுகிறது. அந்தச் சிறு இழுப்பால் பெட்ரோலை நன்கு எழுப்பித் தெளிக்க முடியாது. எஞ்சின் இருமும், தடுமாறும். 26 மில்லிமீட்டர் கழுத்திலோ அதே நிலையில் 6 சென்டிமீட்டர் இழுப்பு இருக்கும். உச்சத்தில் இழந்ததைத் திருப்பத்தினின்று எழும்போது ஈட்டிக்கொள்ளலாம். ஆகவே நேர்வழி நீண்ட சோழவரத்திற்கு ஒரு கழுத்து. திருப்பம் மிகுந்த தடத்திற்கு வேறு கழுத்து. பெரிய கார்புரேட்டர் வாங்கிப் பூட்டிவிட்டுப் பின்தங்கியவர் பலர் என்று அவன் சொன்னான். தேர்வுக்குப் பெரிய நோட்டுப் புத்தகம் வாங்குவதோடு கடமை முடிந்தது என்று கருதும் மாணவர் சிலரையும் நான் கண்டதுண்டு.

அடுத்து மிதவைக் கிண்ணம். இதில்தான் பௌதிகம் மிக அழகாக விளங்குகிறது. வண்டி திரும்பும்போதும் வேகத்தடை இடும்போதும் கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு புறமாகச் சாய்ந்து ஏறும். புவியீர்ப்பில் பாதியளவு விசை பக்கவாட்டில் தாக்கினால், மேற்பரப்பு இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் சாயும். மிதவையின் நடுவுக்கும் ஜெட்டுக்கும் இடையே 3 சென்டிமீட்டர் தொலைவு இருப்பின், ஜெட் உள்ள இடத்தில் மட்டம் ஒன்றரைச் சென்டிமீட்டர் ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும். திருப்பத்தில் நமக்குக் கிடைத்த இழுப்பே இரண்டரைச் சென்டிமீட்டர் நீர் அளவுதான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்! அமெரிக்க நீள்வட்டத் தடத்தில் வண்டி ஒரே பக்கம் திரும்புவதால், பெட்ரோலும் ஒரே பக்கமாகவே, அதாவது வலப்பக்கமாகவே ஒதுங்கும். கிண்ணத்தை ஏற்ற திசையில் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. நம் தடங்களில் இடமும் வலமும் திருப்பம் உண்டு. கடும் வேகத்தடையும் உண்டு. எனவே கிண்ணம் ஜெட்டுக்கு முன்புறம், வண்டியின் முகத்தை நோக்கி இருக்கும்படி பொருத்துவதையே அனுபவசாலிகள் விரும்பினர். வண்டி முன்னே பாயும்போது பெட்ரோல் பின்னால் ஒதுங்கி ஜெட்டுக்குத் தாராளமாகக் கிடைக்கும். தடை இடும்போது குறையும், அப்போது குறைந்தால் கேடில்லை. மிதவையின் நாக்கை நகக்கண் அளவு வளைத்து மட்டத்தை ஏற்றி இறக்குவதும் இதன்பாற்பட்டதே. என் மாணவன் அதற்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரல் நுனியால் தடவிப் பார்ப்பான்.

இவற்றுக்குப் பின்னரே ஜெட். சோலெக்ஸ், வெபர் வகைகளில் ஜெட்டின் எண் துளையின் குறுக்களவை மில்லிமீட்டரின் நூற்றுக்கூறுகளில் குறிக்கும். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். 120இலிருந்து 125க்கு மாறினால் துளையின் பரப்பு நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் கூடிவிடும். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆயினும் எஞ்சின் உச்ச வலிமை தருவது 13 பங்குக்கு அண்மையில். காற்றை முழுதும் பயன்படுத்திக்கொள்ளச் சிறிது பெட்ரோல் மிகையாக இருக்க வேண்டும் என்பதே காரணம். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தாலோ, வலிமை குன்றுவதோடு எஞ்சின் மிகச் சூடேறி, பிஸ்டனின் தலையே உருகித் துளைபடவும் கூடும். பணமில்லாதவன் வண்டியில் பிஸ்டன் உருகினால் அவ்வாண்டுப் பந்தயம் அவனுக்கு முடிந்தது.

காலை ஆறு மணிக்குப் பார்த்த சீர் பகல் இரண்டு மணிக்கு உதவாது. காற்றின் வெப்பம் 20 பாகையிலிருந்து 33 பாகைக்கு ஏறினால் அதன் அடர்த்தி நூற்றுக்கு நான்கு பங்கு குறைகிறது. பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. கலவை கனத்துவிடும். இதை அறிய அக்காலத்தில் நம்மவரிடம் வாயு ஆராயும் கருவிகள் ஏது? இருந்தது பிளக்கின் பீங்கான் ஒன்றே. முழு வேகத்தில் ஓட்டி, அதே நொடியில் எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து உருண்டு வந்து நிறுத்தினால், உச்சநிலை எரிப்பின் சுவடு பீங்கானில் அப்படியே படிந்திருக்கும். கரிப்புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் காற்று மிகுதி. உடனே அஞ்ச வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பழுப்பு நிறம் உண்டு; அதுவே வேண்டுவது. சோழவரத்தில் அந்த அழுக்குச் சட்டைக்காரர் பார்த்தது இதைத்தான் என்று இருபதாண்டுகள் கழித்து எனக்கு விளங்கியது!

விருத்தாசலத்துச் சூளைக்காரர் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார். காற்று போதாவிட்டால் சூளை புகைந்து சரக்கு கறுக்கும் என்பதும், நெருப்பின் நிலையைப் பீங்கானின் நிறமே காட்டிக்கொடுக்கும் என்பதும் அவர் அறிந்தவை. பிளக்கின் பீங்கான் அலுமினா மிகுந்த உயர்ந்த சரக்கு. பொம்மையின் பீங்கான் வேறு. எனினும் படிக்கும் முறை ஒன்றே. என் மாணவனின் தந்தை விருத்தாசலத்தில் சூளை வேலை பார்த்தவர். எட்டு வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோன பிள்ளைக்கு நிறம் பார்க்கும் கண் அங்கேயே வாய்த்திருக்க வேண்டும். அக்கண்ணுக்கு மதிப்பெண் போடும் வினாத்தாள் எங்களிடம் இல்லை.

இக்கலைக்கு ஆயுள் முடிந்த கதை சுருக்கமானது. அமெரிக்கப் பந்தயங்களில் ஸ்டூவர்ட் ஹில்பார்ன் என்பவர் 1940களிலேயே பெட்ரோலை நேரே பீய்ச்சும் முறையைப் புகுத்தினார். நம் நாட்டில் சென்னைக்கு அருகே மறைமலைநகர் யூகால் ஆலை ஜப்பானிய மிக்குனி நிறுவனத்தின் நுட்பத்தைக் கொண்டு மாருதிக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்துவந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகவே, 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கார்களில் கணிப்பொறி வழி எரிபொருள் பீய்ச்சும் முறை புகுந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோலும் நாடெங்கும் நிறுத்தப்பெற்றது. நம் நுரையீரலுக்கு அது நன்மை. பிளக்கைப் படிப்பவருக்கோ எழுத்து மங்கிவிட்டது, ஈயப் பெட்ரோல் இட்ட தெளிவான நிறம் இப்போது படிவதில்லை. 2020 ஏப்ரலில் பாரத் ஆறாம் நிலை விதிகள் வந்தபோது புதிய இருசக்கர வண்டிகளும் பெரும்பாலும் கார்புரேட்டரைத் துறந்தன. இம்மாற்றங்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. புதிய முறையில் நொடிக்குப் பலமுறை கலவை திருத்தப்படுகிறது. எந்த மெக்கானிக்கின் கையும் அதற்கு ஈடாகாது. என் கவலை வேறு. சோழவரத்தில் ஓட்டியவர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. எந்த வண்டிக்கு எந்தக் கழுத்தும் எந்த ஜெட்டும் பொருந்தின என்பதை அறிந்தவர் கைகளில் கிடந்த குறிப்புகளோ பழைய தாள்காரனிடம் எடைக்குப் போயின.

தப்பிப் பிழைத்த ஒன்றை நான் பார்த்தேன். என் மாணவன் கோவையில் எழுதிவந்த மூன்று நோட்டுப் புத்தகங்கள். அட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட பள்ளி நோட்டுகளே. அவற்றைப் படித்துத் தெளிவான பிரதி எடுத்துத் தருவதாக ஏற்றுக்கொண்டேன். தேதி, வேளை, வெயில், கழுத்து, ஜெட், மிதவை மட்டம் என்று கோடிட்டுப் பத்திகள் பிரித்திருந்தான். என் வகுப்பில் ஆய்வகக் குறிப்பேட்டை அவன் ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை என்பது என் நினைவு. அல்லது நான்தான் பார்க்கவில்லையோ என்னவோ. கடைசிப் பத்தி பிளக்கின் நிறம். பெரும்பாலான வரிகளில் ‘க’ என்றும் ‘வெ’ என்றும் இருந்தன. கறுப்பு, வெளுப்பு என்று ஊகித்துக்கொண்டேன். சில வரிகளில் மட்டும் ‘ம.ஓ.’ என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு இட்டிருந்தான். ஏதேனும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமோ என்று அகராதிகளைப் புரட்டினேன், விளங்கவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போய்க் கேட்டேன்.

வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். காய்ந்த அதன் ஓட்டின் நிறத்தை நீங்கள் அறிவீர்கள்.

“மல்லாட்டை ஓடு, ஐயா” என்றான்.